சாவு மோளமும் கிட்டாரும்: ஒரு முதல் ஆல்பத்தின் முன்கதை

துடியலூரில் எங்கள் மாலைநேரப் படிப்பகம் ஒரு தகரக் கூரைக் கொட்டகை. மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தாலும் பஸ் ஹாரன் சத்தம் வந்துகொண்டேதான் இருக்கும். ஏழரை மணிக்குப் பாடம் முடிந்ததும் பையன்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். அன்று போட்டது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் பாட்டு. பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்து அதோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கூட்டிப் போக வந்த அவனுடைய தாத்தா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யாரூட்ல எழவுங் அம்மிணி? சாவு கொட்டாட்டக் கேக்குது” என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “அடி சரியாத்தான் உளுகுது. நடுவுல கர்ருனு ஒண்ணு இழுக்குதே, அது எதுக்கு?” என்றார். கர்ரென்று இழுத்தது எலெக்ட்ரிக் கிட்டார். அவர் முப்பது வருசம் இந்த வட்டாரத்தில் எழவு வீடுகளுக்குத் தப்பட்டை அடித்தவர். எப்போதோ ஒரு நாள் “இனி அடிக்க மாட்டேன்” என்று சொல்லி நிறுத்திவிட்டவரும்கூட. சென்னையின் சட்டியும் கட்டமோளமும் நம் தப்பட்டை அல்ல. ஆனாலும் சாவுக்கு அடிக்கும் அடி எந்த ஊரில் அடித்தாலும் அவர் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

சமூகவியலில் முதுகலை படித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. “அது ராக் மியூசிக்குங்க தாத்தா” என்றேன். அது பதிலே இல்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. கிட்டார் அங்கே எதற்கு? எங்கிருந்து வந்தது? இதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த இசைக்குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து 2017-ல் தொடங்கியது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. மேடையில் பத்தொன்பது பேர். அறிவு, இசைவாணி, முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து பாடினார்கள். சட்டி, கட்டமோளம், பறை, தவில், டோலக் ஒரு பக்கம்; டிரம் செட், கிட்டார், பேஸ் இன்னொரு பக்கம். அம்பேத்கரைப் பற்றி, இடஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, வட சென்னையைப் பற்றிப் பாட்டு. அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு ‘மகிழ்ச்சி’ என்று பெயர் வைத்தார்கள். 2016-ல் வந்த ‘கபாலி’க்குப் பிறகு நம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வணக்கம் போலச் சொல்லிக்கொண்ட சொல் அது.

குழுவின் பெயருக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதர் இருக்கிறார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மை இந்துச் சாதிகளுக்குள் போட்டு அடைக்காதீர்கள், சாதிபேதமற்றவர்கள் என்று பதியுங்கள் என வாதாடியவர் அவர். அவர் முன்னின்று நடத்திய திராவிட மகாஜன சபை 1891-ல் கூடியது நீலகிரியில். துடியலூர் வழியாகப் போகும் இதே சாலையில் ஏறினால் போய்ச் சேரும் ஊர். இங்கே இருந்து ஊட்டிக்கு டூர் போகிறவர்களுக்கு ரோஜாத் தோட்டம் தெரியும், பண்டிதரைத் தெரியாது.

சரி, கிட்டாருக்கு வருவோம். இதற்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டும்.

1739 செப்டம்பரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற ஆற்றுப் பக்கம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசடித்துக்கொண்டு சாலையில் அணிவகுத்துப் போனார்கள். அந்தச் சத்தம் கேட்டு இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கிய பிறகு, அடுத்த ஆண்டே, 1740-ல், அந்தக் காலனி ஒரு சட்டம் போட்டது. அடிமைகள் கூடக் கூடாது, எழுதக் கற்கக் கூடாது என்பவற்றோடு முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. முரசு ஒரு ஆயுதம் என்பது எஜமானர்களுக்குப் புரிந்திருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அங்கே, “நீ அடிக்கக் கூடாது” என்று சட்டம். இங்கே, “நீதான் அடிக்க வேண்டும், எங்கள் வீட்டுப் பிணத்துக்கு அடிக்க வேண்டும், கூப்பிட்டதும் வர வேண்டும்” என்று கட்டாயம். ஒன்று தடை, மற்றது கட்டாயம். இரண்டிலும் முரசு யார் கையில் இருக்க வேண்டும், எப்போது ஒலிக்க வேண்டும் என்று தீர்மானித்தவன் அடிக்கிறவன் இல்லை.

முரசைப் பிடுங்கியதும் அந்த மக்கள் தங்கள் உடம்பையே முரசாக்கினார்கள். தொடையில் தட்டி, மார்பில் தட்டி, தரையில் காலை உதைத்துத் தாளம். பருத்திக் காட்டில் ஒருவர் பாட, மற்றவர் திருப்பிச் சொல்லும் வேலைப்பாட்டு. நடவுக்காட்டில் நம் பாட்டிகள் பாடியதும் இப்படித்தானே? அடிமை முறை ஒழிந்த பிறகு, வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கிய அந்தப் பேரப்பிள்ளைகளின் பாட்டு ப்ளூஸ் ஆனது. மிசிசிப்பியில் ஒரு பருத்திப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்த மடி வாட்டர்ஸ் 1943-ல் ரயிலேறி சிகாகோ போனார். அங்கே மதுக்கடை இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவில்லை. அதனால் கிட்டாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். தாத்தா கேட்ட அந்தக் ‘கர்ர்’ இப்படி வந்ததுதான். இரைச்சலுக்கு மேலே எழும்பிக் கேட்க வேண்டிய தேவை ஒரு கூலிக்கார மக்களுக்கு இருந்தது.

அவர் 1950-ல் வெளியிட்ட ஒரு பாட்டின் பெயர் ‘ரோலின் ஸ்டோன்’. 1962-ல் லண்டனில் சில வெள்ளைக்காரப் பையன்கள் அந்தப் பெயரை எடுத்துத் தங்கள் குழுவுக்கு வைத்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ். 1967-ல் ஒரு பத்திரிகை அதே பெயரில் தொடங்கியது. உலகம் முழுக்க ‘கிளாசிக் ராக்’ என்று கொண்டாடப்படுகிற பெரும்பகுதி இப்படி இருபது வயது பிரிட்டிஷ் பையன்கள் கறுப்பர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் திருப்பி வாசித்ததுதான். அவர்களில் பலர் அதை மறைக்கவும் இல்லை. தங்கள் ஆசான்கள் யார் என்று மேடையிலேயே சொன்னவர்கள் உண்டு. ஆனால் பணமும் பெயரும் எந்தப் பக்கம் போயின என்பது வேறு கணக்கு. லெட் செப்பலின் குழுவின் 1969 ஆண்டு ஆல்பத்தில் வந்து உலகெங்கும் ஓடிய ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் தன் வரிகள் இருக்கின்றன என்று வில்லி டிக்ஸன் 1985-ல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆன பிறகே அவர் பெயரும் அந்தப் பாட்டில் ஏறியது.

இன்னொருவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1915-ல் பிறந்த கறுப்பினப் பெண். சர்ச் பாட்டை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்துக்கொண்டு 1940-களிலேயே கூட்டத்தை எழுப்பி ஆட வைத்தவர். எல்விஸ் பிரெஸ்லிக்கும் சக் பெர்ரிக்கும் முன்னோடி. 1964-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில், மழை ஈரத்தோடு கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் வாசிக்கும் காணொளி யூடியூபில் கிடைக்கிறது, பார்க்காதவர்கள் பாருங்கள். (கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்கிறோம். நூலுக்கும் மில்லுக்கும் மட்டும்தான் அந்த ஒப்புமை போலிருக்கிறது.) 1973-ல் அவர் இறந்தார். பல ஆண்டுகள் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல்கூடக் கிடையாது. 1986-லிருந்து ராக் இசைக்காரர்களைக் கௌரவித்துவரும் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ அவரைச் சேர்த்துக்கொண்டது 2018-ல். கீழ்ப்பாக்கத்தில் நம் பிள்ளைகள் மேடை ஏறிய அதே ஆண்டு.

கறுப்பர்களின் கதையை மட்டும் சொன்னால் முழுமையாகாது. பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன். பதினேழு வயதில் மெஷினில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர், தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, வலி தாங்கத் தந்தியைத் தளர்த்தி வாசித்தார். தந்தி தளர்ந்ததும் ஒலி தாழ்ந்து கனத்தது. 1970 பிப்ரவரியில் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தோடு தொடங்கியதைத்தான் பிறகு ஹெவி மெட்டல் என்றார்கள். இதை நான் எங்கள் பையன்களுக்குச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. மோட்டாரும் கிரைண்டரும் செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊர் இது. பவர் பிரஸ்ஸில் விரல் போன சித்தப்பாவோ மாமாவோ இல்லாத வீடு எங்கள் காலனியில் குறைவு. “அவருக்குக் காம்பன்சேசன் குடுத்தாங்களாக்கா?” என்றுதான் ஒருவன் கேட்டான்.

இப்படிப் பிறந்த இசை இந்தியாவுக்குள் எந்த வாசல் வழியாக வந்தது? கான்வென்ட், கிளப், பெரிய கல்லூரி. 1970, 71-ல் சிகரெட் கம்பெனி ஒன்று ‘சிம்லா பீட்’ என்று நாடு தழுவிய போட்டி நடத்தி இசைத்தட்டு வெளியிட்டது. பிறகு ஐ.ஐ.டி., பொறியியல் கல்லூரி விழாக்களின் ராக் இரவுகள். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ விழாவில் 2009-ல் ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழு வந்து வாசித்துப் போனது. இசையில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் பருத்திக்காட்டுக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் உருவாக்கிய இசை இங்கே வந்து சேர்ந்ததும் ஆங்கிலம் பேசும் உயர்சாதி வீட்டுப் பிள்ளைகளின் அடையாள அட்டையாக மாறிப்போனது. சமூகவியலில் இதைப் பண்பாட்டு மூலதனம் என்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், அது “பெரிய எடத்துச் சங்கதி”.

பெயிண்ட் டப்பா தட்டிய தம்பிக்கு இது அனுபவம். அவன் முன்பு படித்த கல்லூரியில் வெஸ்டர்ன் மியூசிக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். போனான். டிரம் செட்டில் உட்கார்ந்து வாசித்தான், நன்றாகவே. எங்கே கற்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் டிரம் செட் இருக்கிறதா? இல்லை. பிறகு எப்படி? தாத்தா தப்பட்டை அடிப்பார் என்று சொல்லிவிட்டான். சுற்றிச் சிரிப்பு. அடுத்த வாரம் நாட்டுப்புற நடனக் குழுவுக்குப் பின்னால் நின்று அடிக்க வா என்று அழைப்பு வந்தது. அவன் போகவில்லை.

இனி நம் பக்கத்து வரலாறு. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஆகாயத்திலிருந்து குதித்தது போல ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. அப்படி இல்லை. தோல் கருவியை என்ன செய்வது என்று இரண்டு தலைமுறையாக நமக்குள் விவாதம் நடந்திருக்கிறது. பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று கிராமம் கிராமமாகப் போராட்டம் நடந்தது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் அதற்கு வழிகாட்டியவர். அடி வாங்கினார்கள், குடிசை எரிந்தது, கூலி வேலை நின்றது. பறையைக் கீழே வைத்தது ஒரு விடுதலை. இன்றைக்கு மேடையில் பறையை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் தோழர்களில் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள் என்று எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம் இன்னொரு அலை. கே.ஏ. குணசேகரன் ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். அவர் குரல் காசெட்டாகச் சேரிகளுக்குள் வந்தது. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில், நாட்டுப்புற மெட்டில் விடுதலைப் பாட்டுக் கட்டினார். அங்கிருந்து தலித் கலை விழாக்கள் கிளம்பின. திண்டுக்கல்லில் ‘சக்தி’ குழுவில் நம் பெண்பிள்ளைகள் பறையைத் தோளில் மாட்டினார்கள். அதுவரை ஆண்கள் மட்டும் தொட்ட கருவி. இழவுக்கு அடித்ததை எழுச்சிக்கு அடிப்போம் என்றது இந்த அலை. 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் இந்த இரண்டாம் அலைக்கும் ஒரு எல்லை இருந்தது. பறை மேடை ஏறியது, ஆனால் ‘நாட்டுப்புறக் கலை’ என்ற பெயர்ப்பலகையின் கீழ். பேராசிரியர் விளக்கம் சொல்வார், அதன் பின் நாம் அடிப்போம். பழமை என்ற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. சென்னையின் கானாவுக்கும் இதே கதிதான்: எழவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டை சினிமா எடுத்துக் கேலிப் பாட்டாக்கியது.

‘மகிழ்ச்சி’ வித்தியாசப்படுவது இங்கேதான். டென்மா அதற்கு முன் கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ என்ற தமிழ் ராக் குழுவில் இருந்தவர். ராக்கின் இலக்கணம் அவருக்குக் கைவந்தது. அவர் செய்தது, கிட்டாரை மேலே வைத்துக் கட்டமோளத்தை அலங்காரத்துக்குத் தொங்கவிடுவது அல்ல. பாட்டின் முதுகெலும்பு கானா. சட்டியும் கட்டமோளமும் ஓட்டம் கொடுக்க, டிரம் செட் அதன் பின்னால் போகிறது. கிட்டார் ஒரே சின்ன இழுப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பாட்டைத் தள்ளுகிறது. ப்ளூஸிலிருந்து கிளாசிக் ராக் எடுத்துக்கொண்ட அதே பழக்கம் அது. ஒருவர் பாட, குழு திருப்பிச் சொல்வதும் அப்படித்தான். மிசிசிப்பிப் பருத்திக்காட்டுக்கும் நம் நடவுக்காட்டுக்கும் சொந்தமானது.

குறையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் கிட்டார் தேவைக்கு மேல் வாயாடுகிறது. சட்டியின் கணீரென்ற அடி அதற்குள் அமுங்கிப்போகிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்ததும் மைதானத்து வேகம் கொஞ்சம் வடிந்துவிட்டது என்றும் எனக்குத் தோன்றும். முதல் ஆல்பம்தானே. பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் ஏறத்தாழ ஒரே நாளில் வாசித்துப் பதிந்தது என்பார்கள், அதிலும் பிசிறு உண்டு. இசைவாணியின் குரல் வரும்போது இந்தக் குறையெல்லாம் மறந்துபோகிறது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் நின்று பாடிய பெண் அவர், 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

இந்தப் பாட்டுகளுக்கு விலை இல்லாமல் இல்லை. சபரிமலை தீர்ப்பை ஒட்டி 2018-ல் இசைவாணி பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’வை ஆறு வருடம் கழித்து, 2024 நவம்பரில், தோண்டி எடுத்து அவர்மீது புகார் கொடுத்தார்கள், போனிலும் இணையத்திலும் வசவும் மிரட்டலும் வந்தன. 2015-ல் மதுக்கடைக்கு எதிராகப் பாடியதற்குக் கோவனைத் தேசத்துரோக வழக்கில் பிடித்த மாநிலம் இது. புனேயின் கபீர் கலா மஞ்ச் கலைஞர்கள் பாடியதற்காகச் சிறைக்குப் போனார்கள். 1740-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவு தூரத்தில் ஒன்றும் இல்லை.

பெயர் விசயம் இன்னும் பெரியது. அந்த மேடையிலிருந்து கிளம்பிய அறிவு 2019-ல் ‘தெருக்குரல்’ வெளியிட்டார். 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அவர் எழுதிய பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவை வைத்து இணையத்தில் தனி அட்டை வந்தது. அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமல் அரங்கேறியது. தான் எழுதி மெட்டமைத்த பாட்டு என்று அறிவு சொன்னார். அது கூட்டு உழைப்பு என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தார். யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை நான் தீர்மானிக்க முடியாது. நான் பார்ப்பது வேறு. மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பினக் கூலிக்காரரின் பாட்டிலிருந்து பெயர் எடுத்த பத்திரிகை அது. அதன் அட்டையில் தேயிலைக் கூலியின் பேரனுக்கு இடமில்லாமல் போனது.

கறுப்பர் வரலாற்றை நம்மோடு சேர்த்துப் பேசினால் “அது வேற, இது வேற” என்று கண்டிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறுதான். ஆனால் இந்தச் சேர்க்கை நாம் நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. 1873-ல் ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ நூலை அடிமை ஒழிப்புக்காக நின்ற அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். 1946-ல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. கிட்டார் அந்தப் பாதையில் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவே.

கொங்குக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தின் ‘மார்கழியில் மக்களிசை’ கோவைக்கும் வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இங்கே கலை மேடை என்றாலே சாதி மேடை. வள்ளி கும்மி அரங்கேற்றத்தில் பெண்பிள்ளைகளை நிற்க வைத்து, சொந்தச் சாதிக்குள்தான் கல்யாணம் செய்வோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தது செய்தியாக வந்தது. இதே மேட்டுப்பாளையம் சாலையின் அந்தக் கோடியில், நடூரில், 2019 டிசம்பர் 2 விடியற்காலை சுற்றுச்சுவர் இடிந்து நம் மக்கள் பதினேழு பேர் செத்தார்கள். அந்தச் சாவுக்கு இங்கே ஒரு பாட்டு, சென்னையில் கட்டாமல் இங்கேயே நம் வாயால் கட்டிய ஒரு பாட்டு, எங்கள் பையன்களின் ஸ்பீக்கரில் ஓடுகிறதா என்றால் இல்லை. ‘வட சென்னை’ பாட்டை வரி விடாமல் பாடுகிற துடியலூர்ப் பையனுக்குத் தன் ஊர்த் தப்பட்டை அடியில் ஒன்றுகூடப் பெயர் சொல்லத் தெரியாது.

இதைத் தாத்தாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அதற்குள் தம்பி அவருக்கு டிரம் செட் வாசிக்கும் காணொளிகளைக் காட்டியிருந்தான். காலால் ஒரு அடி, கையால் இரண்டு, மேலே தாளத் தட்டு. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “ஒத்த ஆளு நாலு பேரு சோலியப் பாக்கறான். கூலி ஒருத்தனுக்குத்தான?”

டிரம் செட்டின் வரலாறே அதுதான். கால் மிதியை 1909-ல் லட்விக் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, இரண்டு மூன்று பேர் செய்த வேலையை ஒருவரே செய்ய முடிந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் கூலி மிச்சம், மேடையில் இடம் மிச்சம். அதையும் அவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

தப்பட்டையைத் திரும்பத் தொடுவீர்களா என்று தம்பி கேட்டான். “அத விட்டதுக்குப் பட்டது எனக்குத்தாஞ் சாமி தெரியும்” என்றார். அவன் மேலே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே, கட்டில் சட்டத்தில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். பிணத்தை எடுக்கும்போது ஒன்று. பாதி வழியில் இறக்கி வைக்கும்போது ஒன்று. காட்டுக்குள் நுழையும்போது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார். தம்பி போனில் பதிந்துகொண்டான்.

அப்புறம் யார் யாரோடு சேர்ந்து அடித்தீர்கள் என்று கேட்டேன். அதையும் சொன்னார். நோட்டில் பதினொரு பேர் வரைக்கும் எழுதியிருக்கிறேன். அதில் இரண்டு பேருக்குப் பட்டப்பெயர் மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. சொந்தப் பெயரை விசாரிக்க அடுத்த வாரம் இடிகரைப் பக்கம் போக வேண்டும்.